கேட்டதெல்லாம் கிடைத்த பூங்கா

எங்கள் குபேரலட்சுமி நகரில் யாரும் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். அதைப்போல இரண்டு மடங்கைச் சொல்வார்கள். கள்ளக்குறிச்சியில் மண்டி வைத்திருப்பவர்கள், மண்டிக்குத் தரகு பார்ப்பவர்கள், மண்டிக்குச் சாக்கு விற்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்ட இடம் அது. இங்கே ஒரு குழந்தைக்கு இரண்டு பிஸ்கட் வேண்டும் என்றால் நான்கு கேட்கும். தாய் ஒன்றில் ஆரம்பிப்பாள். இரண்டில் முடியும். இருவருக்கும் பரம திருப்தி. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் வயதைக் கேட்டால்கூட, பேசிக் குறைத்துக்கொள்ளலாம் என்கிற குரலில்தான் பதில் வரும்.

இப்படிப்பட்ட நகருக்குச் சங்கத் தலைவராக இருக்க ஒருவருக்குத்தான் தகுதி உண்டு. அவர் காசிநாதன். வெல்லம், புளி, மக்காச்சோளம் கமிஷன் மண்டி. துண்டுக்கடியில் எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசினால், பேசி முடிக்கும்போது எதிராளி தன் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்வான். அவருடைய தத்துவம் எளிமையானது. "கேக்கறது நம்ம வேலை. வெட்றது அவன் வேலை. அவன் வேலையையும் நாமளே செஞ்சிட்டா அப்புறம் அவன் எதுக்கு வரணும்?"

காசிநாதன் வீட்டுக்கு நேர் எதிரே நகரின் பூங்கா. அதாவது 'பூங்காவுக்காக ஒதுக்கப்பட்ட இடம்' என்று ஒரு தகரப் பலகை. மனை போட்டவர் பலகையை மட்டும் ஒதுக்கிவிட்டுப் போய்விட்டார். பலகைக்குப் பின்னால் சீமைக்கருவேலம். மழை பெய்தால் குளம். அறுவடைக் காலத்தில் மண்டிக்காரர்கள் காயவைக்கும் மக்காச்சோளம். முகூர்த்த நாட்களுக்கு மறுநாள் எச்சில் வாழையிலை. பூ ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அங்கே உண்டு.

அந்த முள்ளுக்கும் இலைக்கும் நடுவே தினமும் காலையில் ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். காசிநாதனின் மருமகள் ராதிகா. வடக்கனந்தலில் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவள். அங்கே இரண்டு மூட்டை யூரியா வேண்டும் என்றால் இரண்டு மூட்டை என்றே கேட்பார்கள். அந்தக் கெட்ட பழக்கத்தோடுதான் அவளும் வாழ வந்தாள். சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதிப் பாஸ் பண்ணியிருந்தாள். அடுத்தது உடல்தகுதித் தேர்வு. ஓட வேண்டும், தாண்ட வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று அவள் அப்பா, பெண் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று தயங்கிச் சொன்னபோது, போகட்டும் என்று காசிநாதன் உடனே வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வாழ்க்கையில் ஒரே விலையில் முடித்த ஒரே பேச்சு அதுதான்.

ஆனால் வீட்டில் இன்னொரு அதிகாரி இருந்தார். மாமியார் ஆண்டாள். ஓடுவதற்குத் தடையில்லை, ஆனால் எதிர் மைதானத்தில்தான் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டார். "ரோட்டுல எல்லாம் ஓடிக்கினு இருந்தா எவன் எவன் இன்னா பேசுவான்னு நான் காதைத் தீட்டிக்கினு ஒக்கார முடியாது. எதிர்லயே ஓடட்டும். நான் வாசல்ல நின்னு பாத்துக்கறேன்." கணவன் பிரவீன்குமாருக்கு இதில் ஒரு கருத்து இருந்தது. அப்பாவும் அம்மாவும் ஒத்துப்போன பிறகு அதைச் சொல்லலாம் என்று வைத்திருந்தான்.

ஆக, அந்த மைதானம் இருந்தால் ராதிகாவுக்குத் தேர்வு உண்டு. இல்லையென்றால் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் நகராட்சியின் ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தது. பூங்காக்களையும் காலி இடங்களையும் பொதுமக்களோடு சேர்ந்து சீரமைக்கப்போகிறார்களாம். ஏரியா சபைக் கூட்டம் நடக்கப்போகிறதாம். என்ன வேண்டும் என்பதை மக்களே வந்து சொல்லலாமாம். 'என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள்' என்று ஒருவன் வலிய வந்து கேட்டால் எங்களுக்கு முதலில் வரும் சந்தேகம், இவன் எதை விற்க வந்திருக்கிறான் என்பதுதான். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை எல்லோரும் அதையே முறைத்துக்கொண்டு நின்றோம்.

சங்கம் காசிநாதன் வீட்டு மாடியில் கூடியது. டீ கொண்டுவந்த ராதிகா தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். முள்ளை வெட்ட வேண்டும், தரையைச் சமன்படுத்த வேண்டும், ஒரு குழாய், ஒரு விளக்கு, இவ்வளவு போதும் என்றாள். சிலர் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. புது மருமகள், பாவம், இன்னும் பழகவில்லை.

காசிநாதன் பொறுமையாக விளக்கினார். "இதை இப்பிடியே கேட்டன்னு வெச்சிக்கமா, அவன் பாதி தருவான். பாதி முள்ளை வெட்டுவான், பாதித் தரையை நிரவுவான். பாதித் தரையில ஓடி நீ பாதி சப் இன்ஸ்பெக்டராவா ஆவ?"

அதன்பிறகு பட்டியல் வளர்ந்தது. முழு மைதானம் கிடைக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டுவதற்குத் தோதாகச் சில சாமான்கள் வேண்டும். வெட்டுவதற்கென்றே வைக்கும் சாமான்களில் கஞ்சத்தனம் கூடாது. சாக்கு வியாபாரம் பார்க்கும் ரங்கம்மாள் புதுச்சேரியில் கலர் விளக்கு நீரூற்று பார்த்திருந்தார், அதைப் போடச் சொன்னார். ஒருவர் எட்டு வடிவ நடைபாதை என்றார். ஒருவர் உடற்பயிற்சிக் கருவிகள். யோகா மேடை, மேடைக்குக் கூரை. படிப்பகம். இறகுப்பந்துக் களம். சாமந்திப் பாத்தி. பத்து சிமெண்ட் பெஞ்சு என்று ஒருவர் சொல்ல, இருபதாகப் போடுங்கள், பத்தாவது தேறும் என்று இன்னொருவர் திருத்தினார். நகரில் எந்த வீட்டிலும் யோகா செய்பவர் கிடையாது. படிப்பவர் என்று பார்த்தால் ராதிகா ஒருத்தி. அதனால் என்ன, வெட்டப்போகிற சாமான்தானே.

ஏரியா சபை அந்த மைதானத்திலேயே சாமியானா போட்டு நடந்தது. நகராட்சியிலிருந்து வந்திருந்த உதவிப் பொறியாளர் புதியவர், வெற்றிசெல்வன் என்று பெயர். கல்வராயன் மலைக்காரர். முழங்கால்வரை முள் கீறியும் கவலைப்படாமல் மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டு உட்கார்ந்தார்.

காசிநாதன் பட்டியலைப் படித்தார். பேரத்தில் இதுதான் முதல் கட்டம். இந்தக் கட்டத்தில் எதிராளி செய்ய வேண்டிய காரியங்கள் சில உண்டு. அதிர்ச்சியடைய வேண்டும். சிரிக்க வேண்டும். பக்கத்திலிருப்பவனைப் பார்த்து, கேட்டியா கதையை என்று கண்ணால் சொல்ல வேண்டும். வெற்றிசெல்வன் இதில் ஒன்றையும் செய்யவில்லை. ஒவ்வொன்றுக்கும், இது வேணுமாங்க என்று கேட்டார். கண்டிப்பாக வேண்டும் என்று காசிநாதன் சொன்னதும் எழுதிக்கொண்டார். நீரூற்று வேணுமாங்க. கண்டிப்பா. மேடைக்குக் கூரையும் வேணுமாங்க. கண்டிப்பா.

பட்டியல் முடிந்தது. வெட்டு வரவில்லை. காசிநாதன் பட்டியலை மடித்து வைத்தார். ஆளைச் சீண்டினால்தான் வாயைத் திறப்பான் என்று நினைத்து, பட்டியலில் இல்லாத ஒன்றை எடுத்துவிட்டார். மூலையில் ஒரு செயற்கை அருவி வேண்டும்.

"உயரம் எவ்வளவு வேணும்ங்க?" என்று கேட்டுவிட்டு வெற்றிசெல்வன் பேனாவோடு காத்திருந்தார்.

இனி ஒரே ஆயுதம்தான் பாக்கி. மண்டியில் அதைப் பார்க்காதவர் கிடையாது. காசிநாதன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, உங்களோட பேசி ஆவறது ஒண்ணுமில்ல சார் என்று சொல்லிவிட்டு நடந்தார். இப்படி எழுந்து போகிறவர் நாலு அடி போவதற்குள் எதிராளி கூப்பிட வேண்டும், சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், இன்னதில் முடி என்று சொல்ல வேண்டும். அதற்கு வசதியாகக் காசிநாதன் மெதுவாக நடந்தார். குனிந்து செருப்பில் இல்லாத முள்ளை எடுத்தார். சாமியானாவின் ஓரம் வந்துவிட்டது. வெளியே வெயில்.

"ஐயா, கோவப்படாதீங்க" என்றது பின்னாலிருந்து குரல். "எல்லாமே குடுத்துடலாம்."

புளி மூட்டைக்குள் கையை விட்டவர் உள்ளே எதுவோ நெளிவதைத் தொட்டதுபோலக் காசிநாதன் திரும்பினார். கூட்டம் கைதட்டவில்லை. எங்களுக்குக் கேட்ட விலை கிடைத்துவிட்டால் சந்தோஷம் வராது, தூக்கம்தான் போகும். இன்னும் கூடக் கேட்டிருக்கலாமோ என்று ரங்கம்மாள் ஒரு வாரம் புலம்பிக்கொண்டிருந்தார்.

எங்கள் நினைப்பு, சொன்னது சொன்னதோடு சரி, எப்படியும் இரண்டு வருடம் இழுப்பார்கள் என்பது. ஆனால் பணம் நிதியாண்டு முடிவதற்குள் செலவாக வேண்டிய பணம். அரசாங்கம் மக்களைவிட வேகமாக ஓடும் மாதம் ஒன்று வருடத்தில் உண்டு, அது வந்துவிட்டது. ஜேசிபி வந்து ஒரே நாளில் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கியது. ரோலர் வந்து தரையை நிரவியது. மறுநாள் காலையில் அந்த இடம் செம்மண்ணாக, ஒரு கல் இல்லாமல், கண்ணுக்கெட்டிய வரை திறந்து கிடந்தது.

அன்று ராதிகா முதல்முறையாகக் கீழே பார்க்காமல் ஓடினாள். வாசலில் நின்றிருந்த ஆண்டாளுக்கே, பாலைக் காய்ச்ச வைத்தது மறந்துபோய்விட்டது. அவள் கேட்டது அதுதான், அவ்வளவுதான். அது அப்படியே கிடைத்திருந்தது.

மதியத்துக்குள் வெற்றிசெல்வன் ஆட்களோடு வந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட ஆரம்பித்தார். நடுவில் நீரூற்றுக்கு ஒரு வட்டம். அதைச் சுற்றி எட்டு. எட்டின் ஒரு வயிற்றில் யோகா மேடை, மற்ற வயிற்றில் படிப்பகம். ஓரங்களில் பந்துக் களம், கருவிகள், அருவி. மிச்சமிருந்த சந்துபொந்துகளில் இருபது பெஞ்சு. சாயங்காலம் பார்த்தால் மண்ணைவிடச் சுண்ணாம்பு ஜாஸ்தியாக இருந்தது. இதில் ஒரு கோழி ஓட வேண்டும் என்றாலும் வழி கேட்டுத்தான் ஓட வேண்டும்.

அதே வாரம் உடல்தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அடுத்த மாதம், விழுப்புரத்தில். ராதிகா அதை எடுத்துக்கொண்டு மாமனாரிடம் வந்தாள். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"மாமா, நீங்க கேட்டதெல்லாம் கெடச்சிடுச்சி. நான் ஒண்ணு தான் கேட்டேன். இப்ப நான் எங்க ஓடறது?"

அடுத்த நாள் அவள் அப்பாவிடம் பேச போனை எடுத்த காசிநாதன், என்ன சொல்வது என்று தெரியாமல் வடக்கனந்தலில் மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்தார். வாக்குக் கொடுத்த வியாபாரி சரக்கு அனுப்ப முடியாவிட்டால் படும் பாடுதான்.

நகராட்சியிடம் போய்க் குறைத்துக் கொடுங்கள் என்று கேட்பது என முடிவானது. அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர் தன் அனுபவத்தில் அப்படி ஒரு மனு எழுதியதில்லையாம், எப்படி ஆரம்பிப்பது என்று எங்களையே கேட்டார். மனுவே வேண்டாம் என்று காசிநாதனும் ராதிகாவும், சங்கத்தின் சார்பில் நானுமாக நேரே உள்ளே போனோம்.

வெற்றிசெல்வன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அருவிக்குத் தண்ணீர்க் குழாய் எங்கிருந்து கொண்டுவருவது என்று பார்த்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"வேணாம்னா ஏங்க கேட்டீங்க? ஒவ்வொண்ணுக்கும் நான் கேட்டேனே, வேணுமா வேணுமான்னு."

"அது சும்மா சார். கேக்கறது ஒரு பேச்சுக்கு. நீங்க தான் வெட்டணும்."

வெற்றிசெல்வன் பென்சிலைக் கீழே வைத்தார். "எங்க அப்பா பேரு செல்லன். கரியாலூர்ப் பக்கம். வருசா வருசம் உங்க மண்டிக்குத் தான் புளி கொண்டாருவாரு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

காசிநாதன் யோசித்தார். ஆளின் முகம் ஞாபகத்துக்கு வரவில்லை, புளி வந்துவிட்டது. "கொட்டை எடுத்த புளி. நார் கம்மியா இருக்கும்."

"அதே தான். வூட்டுச் செலவு இன்னா இருக்கோ அதைப் பாத்து ஒரு விலை சொல்வாரு. அவருக்கு ரெண்டு விலை சொல்லத் தெரியாது. நீங்க பாதியில முடிப்பீங்க. நானும் கூட வந்து பாத்திருக்கேன். இந்த வேலைக்கு வந்தப்ப ஒண்ணு மட்டும் முடிவு பண்ணிக்கினேன் சார். ஜனங்க வந்து ஒண்ணு கேட்டா, அதைப் பாதியாக்கக் கூடாது. கேட்டதைக் குடுத்துடணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருக்கலாம். நல்ல எண்ணத்தோடு சொன்னார்.

"அவரு ரெண்டு பங்கா சொல்லியிருக்கலாமே" என்று காசிநாதனின் வாயிலிருந்து வந்துவிட்டது. பழக்கம் அப்படி. ராதிகா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெற்றிசெல்வன் சட்டத்தைச் சொன்னார். அனுமதியான எதையும் ரத்து செய்ய முடியாது. செய்தால் பணம் திரும்பிப் போய்விடும், அவரும் பதில் சொல்ல வேண்டும். இடம் மட்டும் மாற்றலாம். வேறு நகர்க்காரர்கள் எங்களுக்கு வேண்டும் என்று கேட்டு வந்தால் மாற்றித் தருவார். ஆனால் திங்கட்கிழமை கடைக்கால் தோண்டுகிறார்கள். தோண்டிவிட்டால் அவ்வளவுதான்.

இலவசமாக நீரூற்று வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு எங்கள் சங்கம் ஊரைச் சுற்றியது. இதைவிடக் கேவலமான வியாபாரத்தை எங்கள் பரம்பரையில் யாரும் செய்ததில்லை. பக்கத்துப் பொன்னொளி நகருக்கு ஒரு மேடையும் ஒரு யானைச் சறுக்குமரமும்தான் கிடைத்திருந்தன. அங்கே சங்கத் தலைவர் தமிழரசன், மின்சாமான் கடைக்காரர். நீரூற்றைச் சும்மாவே தருகிறோம் என்றதும் அவர் கண்ணைச் சுருக்கினார். மோட்டார் காயலான் கடைச் சரக்கா என்றார். கரண்ட் பில் எங்கள் தலையிலா என்றார். தண்ணீருக்குள் ஏதாவது செத்துக் கிடந்ததா என்றார். இன்னும் கட்டவே இல்லை என்று சொன்னதும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. கட்டுவதற்கு முன்பே தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய வில்லங்கமாக இருக்கும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காசிநாதன் வந்து எதையாவது சும்மா கொடுத்தால் நாங்களும் அப்படித்தான் கேட்டிருப்போம். நாங்கள் போன மற்ற இரண்டு நகர்களிலும் இதே கதை.

வெள்ளிக்கிழமை வந்தது. ராதிகா இரண்டு நாளாக ஓடவில்லை. சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவே செங்கல்லும் ஜல்லியும் கொட்டிக் கிடந்தன. ஆண்டாள் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, யாரும் ஓடாததைப் பார்த்துவிட்டு, உள்ளே போனார். "பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

அதைக் கேட்டபோதுதான் காசிநாதனுக்குத் தொழில் திரும்ப வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து கை கழுவினார். சும்மா கிடக்கும் சரக்கை எவன் வாங்குவான்? வெல்லம் தேங்கிவிட்டால் மண்டிக்காரன் முதலில் செய்வது ஷட்டரைப் பாதி இறக்குவது. இருப்பு இல்லை என்று சொல்வது. அதன்பிறகு வரிசை தானாக வரும்.

சனிக்கிழமை காலை கடைத்தெருவில், பொன்னொளி நகர்க்காரர்கள் கண்ணில் படாமல் போகவே முடியாத இடத்தில், ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் எழுந்தது. 'நகராட்சி நிர்வாகமே! எங்கள் கலர் நீரூற்றைப் பொன்னொளி நகருக்கு மாற்றாதே! உயிரைக் கொடுத்தேனும் காப்போம்! குபேரலட்சுமி நகர் குடியிருப்போர் சங்கம்.' கீழே வழக்கம்போல எல்லோருடைய போட்டோவும். ரங்கம்மாள் பேனருக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போவோர் வருவோரிடமெல்லாம் அந்த நீரூற்றின் அழகை வர்ணித்தார். இன்னும் பிறக்காத நீரூற்றுக்காக அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. சாக்கு விற்கும்போதும் வரும்.

மதியம் தமிழரசன் வந்துவிட்டார். கூடவே அவர் நகர்க்காரர்கள் நாலைந்து பேர். காசிநாதன் அவரை மண்டிக்குள் உட்காரவைத்து மோர் கொடுத்தார். முன்பு பேசியதைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. நீரூற்று இருக்கிறதா என்று தமிழரசன் கேட்டார். அது பேச்சுக்கே இடமில்லை என்று காசிநாதன் சொன்னார். பெண்கள் எல்லாம் ஆசையாக இருக்கிறார்கள், அதைக் கொடுத்துவிட்டு நகருக்குள் எப்படி நடப்பது என்றார். தமிழரசன் எழுந்து போனார். படி இறங்கும்வரை காசிநாதன் கூப்பிடவில்லை. தமிழரசனே திரும்பி வந்தார்.

அதன்பிறகு துண்டு விரிந்தது. துண்டுக்கடியில் இருவர் கைகளும் நெளிந்தன. ஒரு விரல் என்றால் ஒரு சாமான். நீரூற்று மட்டும் தனியாக வராது, யோகா மேடையோடும் கூரையோடும்தான் வரும் என்பது காசிநாதன் கட்சி. நல்ல வெல்லத்தோடு உடைந்ததைச் சேர்த்துத் தள்ளுவது அவருக்குப் புதிதல்ல. அருவியும் சேர்ந்தது. எட்டு நடைபாதை போனது. படிப்பகம் போகும்போது தமிழரசனின் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியது. அண்ணே, எங்களுக்கே இது வேணுமேன்னு இருக்குது என்று காசிநாதன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னதும் அந்தச் சந்தேகமும் போய்விட்டது. பெஞ்சுகளில் பாதியை அள்ளிக்கொண்டார். கருவிகளையும் களத்தையும் சாமந்திப் பாத்தியையும் மிச்ச பெஞ்சுகளையும், விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த மற்ற இரண்டு நகர்களும் பங்கு போட்டுக்கொண்டன. ஒரு மணி நேரத்தில் மைதானம் காலி. நாங்கள் மூச்சுவிட்டோம்.

துண்டை எடுத்திருக்கலாம். ஆனால் இவ்வளவையும் கொடுத்துவிட்டுக் கையில் ஒன்றுமில்லாமல் எழுந்திருக்கக் காசிநாதனின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. எங்கள் கண் முன்னாலேயே அந்தக் கை மறுபடி துண்டுக்குள் போயிற்று.

"எல்லாம் சரி தம்பி. இம்மாம் குடுக்கறோம். பதிலுக்கு இன்னா தருவீங்க?"

அப்படித்தான் எங்களுக்கு யானை வந்தது.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கும் டிராக்டர் டிப்பரில், கயிறு கட்டிய யானை ஊர்வலமாக வந்தது. ஃபைபர் யானை. பின்பக்கம் படி ஏறி முதுகில் உட்கார்ந்து, தும்பிக்கை வழியாகச் சறுக்கி இறங்கலாம். காசிநாதன் முகத்தில் நீண்ட நாட்களுக்குப் பிறகு ஒரு லாபக் களை. வெற்றிசெல்வன் நகர்களின் கோரிக்கைகளைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தார், எல்லாருக்கும் கேட்டதே கிடைத்ததில் சந்தோஷமும் பட்டார். யானையை எங்கே நிறுத்துவது என்று மட்டும் கேட்டார். ஓடும் கோட்டில் எங்கும் கூடாது என்று ராதிகா முன்னால் வந்து நின்றுகொண்டாள். அப்படிப் பார்த்தால் ஓர் ஓரம்தான் மிச்சம். அது காசிநாதன் வீட்டுக்கு நேர் எதிர். காங்கிரீட் போட்டு யானையின் கால்களைப் புதைத்தார்கள்.

மறுநாள் காலை ராதிகா ஷூ மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஆண்டாள் வாசலுக்கு வந்து நின்றார். பார்த்தார். இடப்பக்கம் நகர்ந்து பார்த்தார். வலப்பக்கம் நகர்ந்து பார்த்தார்.

"இன்னாங்க, இங்க வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். "இங்க நின்னு சொல்லுங்க, இன்னா தெரியுது?"

காசிநாதன் நின்று பார்த்தார். "யானை."

"யானையோட எது?"

ராதிகா மைதானத்தின் நடுவே அப்படியே நின்றுவிட்டாள். வாசலிலிருந்து தெரிய வேண்டும் என்பது கட்டளை. வாசலிலிருந்து யானையின் பின்பக்கத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பிரவீன்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வைத்திருந்த கருத்தை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருப்பது என்று முடிவு செய்தான். இத்தனை ஆட்டமும் ஆடி, கடைசியில் இவள் தேர்வு ஒரு யானையின் பின்பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்பதா என்று எங்கள் எல்லோருக்குமே சப்பென்று போய்விட்டது.

ஆண்டாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டார். தெருவைக் கடந்தார். யானையின் பின்னால் போய் ஒவ்வொரு படியாக ஏறி, முதுகில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து மைதானம் முழுவதும் தெரிந்தது. வாசலைவிட நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் முதல் சுற்று முடியும்போதே அதட்டல் வந்தது.

"இன்னாடி அது, அசைஞ்சிக்கினு வர. ஓடு."

அந்த மாதம் முழுவதும் எங்கள் நகரில் பொழுது அப்படித்தான் விடிந்தது. மேலே மாமியார், கீழே மருமகள். போனில் நேரம் பார்க்கவும் ஆண்டாள் கற்றுக்கொண்டார். கடைசி ஓட்டத்தை ராதிகா தும்பிக்கையைத் தொட்டு முடிப்பாள். தொட்டுத் தொட்டு அந்த இடத்தில் பெயிண்ட் போய்விட்டது. சறுக்க வந்த பிள்ளைகள் மேலே இருப்பவர் எப்போது இறங்குவார் என்று வரிசையில் நின்றார்கள். அவர் இறங்குவது எப்போதும் படி வழியாகத்தான் என்று சொல்லப்படுகிறது. நாங்கள் விசாரிக்கவில்லை.

ராதிகா விழுப்புரம் போனாள், ஓடினாள், தாண்டினாள், தேறினாள். அந்தச் சமாச்சாரம் வந்த அன்று பிரவீன்குமார் தன் கருத்தை வெளியிட்டான். ஆரம்பத்திலிருந்தே அவனுக்கு இதில் முழுச் சம்மதமாம்.

புளி சீசனில் வெற்றிசெல்வனின் அப்பா செல்லன் மலையிலிருந்து இறங்கி மண்டிக்கு வந்தார். ஒரு விலை சொன்னார். காசிநாதன் சரி என்று சொல்லிவிட்டார். செல்லனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சந்தையில் விலை ஏறிவிட்டதோ என்று மூட்டையை மறுபடி வண்டியில் ஏற்றப் போய்விட்டார். காசிநாதன் ஓடிப்போய், நார் இருக்கிறது, தூசி இருக்கிறது என்று ஏதேதோ சொல்லி ஒரு சின்னத் தொகையைக் குறைத்த பிறகுதான் மனுஷனுக்கு நிம்மதி வந்து மூட்டையை இறக்கினார்.

பொன்னொளி நகரில் நீரூற்று கலர் கலராக அடிக்கிறது. கரண்ட் பில் வந்த மாதம் தமிழரசன் எங்கள் நகர் வழியாகப் போவதை விட்டுவிட்டார்.

ராதிகா பயிற்சிக்குக் கிளம்பும் நாள். பெட்டிகள் காரில் ஏறிவிட்டன. வடக்கனந்தலிலிருந்து அவள் அப்பா வந்திருந்தார். காசிநாதன் மருமகளைத் தனியாக அழைத்து, வெளியூர் போகிற பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய புத்தியைச் சொன்னார். யாரிடமும் அதிகம் பேசாதே, நேரத்துக்குச் சாப்பிடு. இன்னொரு முக்கியமான விஷயம்.

"பொங்கலுக்கு ஒரு வாரம் லீவு வேணும்னா, ரெண்டு வாரம்னு எழுதிக் குடு. அப்ப தான் ஒரு வாரமாவது தருவான்."

ராதிகா காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடியை இறக்கினாள்.

"ரெண்டையும் குடுத்துட்டான்னா இன்னா பண்றது மாமா? ரெண்டு வாரமும் உங்க கூடல்ல இருக்கணும்."